மொறிஸ் மைனரின் மூக்கை இறக்கியவர்கள்

எங்கள் மோட்டார் திருத்துநர் சங்கம் ஆண்டுவிழா மலர் போடுகிறது. ஓய்வு பெற்றவர்களிடம் அனுபவக் கட்டுரை கேட்கிறார்கள். சங்கத் தலைவர் றெஜி எனக்கு ரெலிபோன் எடுத்தார்.

"ராசண்ணை, கபூர் பாஸின்ர காலத்துப் பகிடி ரெண்டு மூண்டு எழுதித் தாங்கோ. பொடியள் வாசிச்சுச் சிரிக்கவேணும். சண்டை சச்சரவு ஒண்டும் வேண்டாம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேசாலையில் பிலோமினா என்றொரு பெண் இருக்கிறாள். செத்துப்போன புருசன் விட்டுச்சென்ற பழைய மொறிஸ் மைனர் காரைத் தானே ஹயருக்கு, வாடகைக்கு ஓட்டிப் பிழைத்தவள். கவலையீனமாக ஓட்டி ஒரு மனிதனின் காலை முறித்தாள் என்று அவள்மேல் வழக்கு நடக்கிறது. லைசனைப் பொலிஸ் வாங்கி வைத்திருக்கிறது. கார் என் முற்றத்தில் கட்டைகளின் மேல் நிற்கிறது. அவள் ஓட்டியதில் ஒரு பிழையும் இல்லை. அழகு பார்ப்பதற்காகக் காரின் முன்பக்கத்தை இறக்கிய வேலையில்தான் பிழை. அது எங்கள் தொழிலில் உள்ள ஆட்களுக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கிறார்கள் இல்லை. ஆகவே நான் எழுதப்போவது அதைத்தான். மலரில் போடுவதும் போடாமல் விடுவதும் உங்கள் பாடு.

முதலில் என்னைப் பற்றி. நான் வெள்ளாங்குளத்துப் பக்கம். அப்பாவும் அம்மாவும் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து அங்கே காடு வெட்டிக் குடியேறியவர்கள். கூலி வேலை. நான் மன்னாருக்கு வந்து கபூர் பாஸின் கராஜில் சேர்ந்தேன். கழுவியது, தேய்த்தது, போல்ட் பொறுக்கியது என்று போன வருடங்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எல்லோருக்கும் அப்படித்தான் போயிருக்கும். றெஜியும் அதே கராஜில் என்னோடு வேலை செய்தவர். ஒரே பாயில் படுத்து ஒரே காரின் அடியைப் பார்த்தவர்கள் நாங்கள். அதை அவர் மறக்காமல் இருக்கட்டும்.

கபூர் பாஸ் எருக்கலம்பிட்டி ஆள். மெலிந்த உடம்பு. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வேலை செய்வார். கத்தமாட்டார். கத்தினால் நல்லது என்று நாங்கள் நினைப்போம். யாராவது பிழையாக ஒன்றைச் செய்தால், கையிலிருந்த ஸ்பனரைத் துணியால் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு வெளியே போய் வாங்குப் பலகையில் உட்கார்ந்து பிளேன்ரீ குடிப்பார். பிழை என்ன என்று சொல்லமாட்டார். நாங்கள்தான் கண்டுபிடிக்கவேண்டும். கண்டுபிடிக்கும்வரை அவர் உள்ளே வரமாட்டார். அவர் வெளியே இருக்கும்போது கராஜில் ஒருவரும் எதையும் தொடக்கூடாது. கார்க்காரர்கள் வந்து நின்று மணிக்கூட்டைப் பார்ப்பார்கள். அவர் தேத்தண்ணீரை ஆற்றி ஆற்றிக் குடிப்பார்.

றெஜி கேட்ட பகிடி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பஸாரில் பெரிய கடை வைத்திருந்த ஒரு முதலாளி தன் காரைக் கொண்டுவந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட். நான் முன்சில்லைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டுப் பாஸிடம் போனார்.

"என்ன கபூர், அந்தத் தோட்டக்காட்டானையோ வேலைக்கு வச்சிருக்கிறீர்? என்ர காரில அவன் கை வைக்கக்கூடாது."

பாஸ், நான் கழற்றிய சில்லைத் தூக்கிக்கொண்டு வந்து முதலாளியின் காலடியில் வைத்தார்.

"இதில அவன்ட கை பட்டுட்டுது முதலாளி. இனி நீங்கதான் பூட்டவேணும்."

சொல்லிவிட்டு வாங்குக்குப் போய்விட்டார். முதலாளி சில்லைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். கடைசியில் அவர் என் பக்கத்தில் வந்து மெல்லமாக, "தம்பி, கோவிக்காமல் ஒருக்கால் பூட்டிவிடுமன்" என்றார். பாஸ் வாங்கில் இருந்தபடியே, "தம்பிக்குப் பேர் ராசு" என்றார். முதலாளி பெயரையும் சொல்லிக் கேட்டபிறகுதான் நான் பூட்டினேன்.

பகிடி முடிந்தது. இனிச் சிரிக்க ஒன்றுமில்லை.

கபூர் பாஸின் கராஜில் ஒரு சட்டம் இருந்தது. வேலை சொல்பவன் முதலில் தன் காரின் அடியில் படுக்கவேண்டும். பாதிரியார் என்றாலும் சரி, கந்தோரில் பெரிய உத்தியோகம் என்றாலும் சரி. சுவரோரம் ஒரு பாய் சுருட்டி வைத்திருப்பார். அதை விரித்து, "படுங்க, பாருங்க, பிறகு கதைப்போம்" என்பார். படுத்தவருக்கு என்ன விளங்கும் என்று நான் ஒருநாள் கேட்டேன். "ஒண்டும் விளங்காது. ஆனா தன்ட தலைக்கு மேல எவ்வளவு இரும்பு நிக்குது எண்டு தெரியும். அதுக்குப் பிறகு அவசரப்படுத்தமாட்டார்" என்றார்.

இனி மொறிஸ் மைனருக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் அந்தக் கார் எத்தனையோ பேருக்குச் சோறு போட்டது. மற்றக் கார்களைப்போல அதன் முன்சில்லுகளுக்குச் சுருள் ஸ்பிறிங் கிடையாது. சில்லைத் தாங்கும் கையின் அடியிலிருந்து பின்னோக்கி, சீற்றுக்குக் கீழே வரைக்கும், இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இரண்டு நீளமான உருக்குத் தடிகள் போகும். ரோசன் பார் என்பார்கள். நான் தடி என்றே சொல்கிறேன். பள்ளத்தில் சில்லு ஏறி இறங்கும்போது அந்தத் தடி முறுகி முறுகித் திரும்பும். முழு முன்பாரமும் அந்த முறுக்கில்தான் நிற்கிறது. தடியின் இரண்டு முனைகளிலும் பல் வெட்டியிருக்கும். பின்முனையில் உள்ள பிடியைக் கழற்றி ஒரு பல் தள்ளிப் பூட்டினால் காரின் மூக்கு ஏறும். மறுபக்கம் தள்ளினால் இறங்கும்.

எங்கள் காலத்தில் ஒருவரும் இறக்கச் சொல்லிக் கேட்டதில்லை. இருந்த ரோட்டுக்கு யார் இறக்குவார்கள்? வருடக்கணக்காகப் பாரம் தாங்கித் தடி தளர்ந்து மூக்குச் சாய்ந்த கார்களை ஏற்றிவிடுவதுதான் எங்கள் வேலை. ஏற்றினாலும் இறக்கினாலும் வேலை ஒன்றுதான்.

அதைப் பாஸ் செய்யும் விதத்தைச் சொல்கிறேன், இப்போது செய்கிறவர்களும் கேளுங்கள். காரைத் தூக்கிக் கட்டையில் நிறுத்துவார். ஜாக்கை நம்பிக் காருக்குள் தலையை விடமாட்டார். சில்லைக் கழற்றியபின் கீழ்க்கைக்கு அடியில் இன்னொரு ஜாக் கொடுத்துத் தாங்குவார். அதற்குப் பிறகுதான் மேல்மூட்டைக் கழற்றுவார். அந்த நேரத்தில் முறுகிய தடியின் முழு விசையும் அந்த ஒரு ஜாக்கின்மேல் நிற்கும். வழுக்கினால் கை துண்டாகும். ஆகவே ஒருவரும் பேசக்கூடாது, ரேடியோ பாடக்கூடாது. ஜாக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டே மறுகையால் தடியைத் தொட்டுப் பார்ப்பார். முறுக்கு முழுதும் போனதும், "மூச்சு விட்டுட்டுது" என்பார். நாங்களும் அப்போதுதான் மூச்சு விடுவோம்.

தடியை வெளியே எடுத்தால் மண்ணெண்ணெய்த் துணியால் துடைப்பார். பிறகு பெருவிரல் நகத்தை ஒரு முனையில் வைத்து மறுமுனை வரைக்கும் இழுத்துக்கொண்டு போவார். சுற்றிச் சுற்றி இழுப்பார். எங்காவது நகம் தடக்கி நின்றால் அந்தத் தடியைத் திரும்பப் போடமாட்டார். கறள் பிடித்த துருக்குழியோ கீறலோ எதுவானாலும் சரி. முறுகுகிற இரும்பில் மயிரளவு வெட்டு இருந்தாலும் முறிவு அங்கேயிருந்துதான் தொடங்கும். சாமான் வராத காலத்திலும் அவர் இதில் விட்டுக்கொடுத்ததில்லை. ஒரு தடிக்காக நானாட்டானில் வயலுக்குள் கிடந்த உடைந்த கார் ஒன்றைத் தேடிப் போய் நாங்கள் சேற்றில் படுத்துக் கழற்றிவந்திருக்கிறோம்.

இடத்தடியை வலத்தில் போடக்கூடாது, வலத்தடியை இடத்தில் போடக்கூடாது. ஒரு பக்கமாகவே முறுகிப் பழகிய இரும்பை மறுபக்கம் முறுக்கினால் அது போய்விடும். இது எங்கள் கராஜில் எல்லோருக்கும் மனப்பாடம். மாறாமல் இருக்க பாஸ் துணி கட்டுவார். இடத்துக்கு வெள்ளைத் துணி, வலத்துக்குப் பழைய சாரத்துண்டு. சோக்கட்டியால்கூடக் கோடு போடமாட்டார். பூட்டி முடிந்தபின் சுறா எண்ணெய் பூசுவார். மன்னாரில் எந்தப் பக்கம் போனாலும் உப்புக்காற்று. வள்ளத்துக்குப் பூசும் எண்ணெயைக் காரின் அடிக்கும் பூசுவது எங்கள் வழக்கம். மடு மாதா கோயில் ஆவணித் திருநாளுக்குக் காரெல்லாம் வரிசையாகப் போகும்போது எது மன்னார்த் தீவுக் கார் என்று மூக்காலேயே சொல்லிவிடலாம். நாற்றம்தான். ஆனால் அடி துருப்பிடித்து உக்காது.

பிறகு முஸ்லிம் ஆட்கள் எல்லோரையும் ஊரை விட்டு வெளியேற்றியபோது கபூர் பாஸும் போகவேண்டி வந்தது. அதைப்பற்றியும் எனக்குக் கோபம் உண்டு. அதற்கு வேறு கட்டுரை வேண்டும். அவர் திரும்பி வந்தபோது கராஜ் இருந்த இடத்தில் சுவர்கூட இல்லை. அவர் கண்ணை மூடியபின் நான் என் வளவிலேயே சின்னதாக ஒரு கராஜ் போட்டேன். றெஜி பெரிய வீதியில் பெரிதாகப் போட்டார். அதில் எனக்குப் பொறாமை இல்லை. அவர் கெட்டிக்காரர்.

நான் வேலையை நிறுத்துவதற்குக் கொஞ்சக் காலம் முன்பு பிலோமினா காரோடு வந்தாள். கூட அவளுடைய புருசனின் தம்பி ஜெறோம். பிரான்சிலிருந்து கலியாணம் கட்ட வந்திருந்தார். அந்தக் காருக்குப் புது எஞ்சின் போட அவர்தான் பணம் அனுப்பியவர். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே கதைத்தார்.

"பாஸ், கலியாணத்தண்டு நானும் பொம்பிளையும் இந்தக் காரிலதான் போப்போறம். முன்பக்கத்தை நல்லாப் பதிச்சு விடுங்கோ. மட்காட்டுக்குள்ள சில்லு பாதி மறையவேணும். அங்கயெல்லாம் பழைய கார் இப்பிடித்தான் நிக்கும்." போனில் படம் காட்டினார்.

நான் பாயை விரித்தேன். "படுத்துப் பாருங்கோ."

"என்னத்துக்கு? சேட் ஊத்தையாப் போகும்."

"அப்ப இந்தக் கராஜில வேலை நடக்காது."

பிலோமினா கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். "ஜெறோம், நான் எத்தினை தரம் அந்தப் பாயில படுத்தனான் தெரியுமோ? படும். எழும்பினாப் பிறகு நான் தோய்ச்சுத் தாறன்."

அவர் படுக்கவில்லை. குனிந்து பார்த்தார். அதுவே பெரிய காரியம் என்று நான் விட்டுவிட்டேன். ஒரு பல் இறக்கினாலே கண்ணுக்குத் தெரியும், அதற்குமேல் இறக்கினால் சில்லு அடிபடும், பிறகு அடியில் உள்ள இறப்பர்க் கட்டையை வெட்டச் சொல்வீர்கள், அது இருப்பதே சில்லு மேலே போய் மட்காட்டில் முட்டாமல் இருக்கத்தான் என்று சொன்னேன்.

"ஒரு பல்லு போதாது. படத்தில பாருங்கோ."

"படத்தில நிக்கிற கார் படத்தில நிக்கும். இது பிள்ளைத்தாச்சியளை ஏத்திக்கொண்டு பேசாலை ரோட்டில ஓடுற கார்."

பிலோமினா கேட்டாள்: "ராசண்ணை, கலியாணம் முடியத் திரும்ப ஏத்தலாமோ?"

"ஒரு பல்லு எண்டா ஏத்தலாம். அதுக்கு மேல நான் இறக்கமாட்டன். ஒரு பல்லுப் போதுமெண்டு நீ சொல்லு பிள்ளை, கார் உன்ர."

அவள் ஜெறோமைப் பார்த்தாள். எஞ்சினுக்குக் காசு கொடுத்தவனிடம் கார் என்னுடையது என்று எப்படிச் சொல்வாள்? தலையைக் குனிந்துகொண்டாள். ஜெறோம், "கிழவருக்கு விருப்பமில்லை. வாங்கோ அண்ணி, வேற ஆக்கள் இருக்கினம்" என்று என் முன்னாலேயே சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனார்.

வேறு ஆள் என்றது றெஜியை.

கார் சப்பையாகி வந்தது. பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். கலியாணப் பொம்பிளைக்கு நாற்றம் ஒத்துக்கொள்ளாது என்று அடியிலிருந்த சுறா எண்ணெய் முழுவதையும் தண்ணீர் அடித்துக் கழுவியிருந்தார்கள். கலியாணம் முடிந்தது. ஜெறோம் பிரான்சுக்குப் போனார். பிலோமினா காரை ஏற்றச் சொல்லி றெஜியிடம் கேட்டாளாம். "விசரோ உனக்கு? இப்பதான் கார் வடிவா நிக்குது. கலியாண ஹயர் தன்ர பாட்டில வரும்" என்றாராம் அவர். வந்ததும் உண்மைதான். என் வாசலில் நிறுத்திச் சந்தோசமாகச் சொல்லிவிட்டுப் போனாள். "ராசண்ணை, என்ர காருக்கு முன்னால நிண்டு பெட்டையள் போட்டோ எடுக்கினம். என்ர மனிசன் உயிரோட இருக்கேக்க ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்லை." அவள் முகத்தில் அப்படிச் சந்தோசத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அடுத்த மடுத் திருநாள் வரமுன்னே அது நடந்தது. பட்டப்பகல். பின்சீற்றில் வலியெடுத்த ஒரு பெண்ணும் அவளுடைய தாயும். மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். தாராபுரத்துக்குக் கிட்ட காரின் வலப்பக்கம் திடீரென்று நிலத்தில் இருந்தது. பிலோமினா என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"வெடி வச்சமாதிரி ஒரு சத்தம் அண்ணை, என்ர காலுக்குக் கீழ. ஸ்டேரிங் வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போகுது. நான் ரெண்டு கையாலயும் இடப்பக்கம் பிடிக்கிறன், அது கேக்குதில்லை. பிறேக்கில ஏறி நிண்டன். அந்த மனிசன் முன்னால வாறார். அவற்ற முகம் வடிவாத் தெரிஞ்சுது."

எதிரே மோட்டார் சைக்கிளில் மீன் பெட்டியோடு வந்த வியாபாரியின் கால் முறிந்தது. வலியெடுத்த பெண்ணை ஓட்டோவில் கொண்டுபோனார்கள். தாயும் பிள்ளையும் சுகம். ரோட்டில் கூடிய சனம் என்ன சொன்னது தெரியுமா? காரைப் பார்க்கவில்லை. மட்காட்டுக்குள் சில்லு இறுகி, டயர் உரஞ்சிப் புகைந்துகொண்டிருந்ததைப் பார்க்கவில்லை. ஓட்டியவளைப் பார்த்தார்கள். "பொம்பிளைக்கு என்னத்துக்கு ஸ்டேரிங்?" என்றார்கள். வீட்டில் இருந்து மீன் வெட்டாமல் ஏன் வந்தாய் என்று ஒருவன் கேட்டானாம். அவள் அதே ரோட்டில் இரவும் பகலும் எத்தனை பேரின் பெண்டாட்டிமாரை ஏற்றிக்கொண்டு போனவள்! சொன்னவனின் பிள்ளையும் அந்தச் சீற்றில் போய்ப் பிறந்ததாக இருக்கலாம்.

பரிசோதிக்க வந்தவர் பிறேக்கைப் பார்த்தார், ஸ்டேரிங்கைப் பார்த்தார். இரண்டும் சரி என்று எழுதினார். அவர்மேல் எனக்குக் குறையில்லை. நசுங்கிக் கிடந்த காரில் சீற்றுக்குக் கீழே உள்ளதை அவர் எப்படிக் காண்பது? பிறேக்கும் ஸ்டேரிங்கும் சரி என்றால் பிழை ஓட்டியவளில் என்று ஆகிவிட்டது. வழக்கு வந்தது.

பொலிஸ் காரை விட்டபின் அவள் அதை இழுப்பித்துக்கொண்டு என் வளவுக்கு வந்தாள். நான் ஓய்ந்துவிட்டேன் என்றேன். "ஓய்ஞ்சாப் படுக்கேலாதோ? பாய் எங்க?" என்றாள். படுத்தேன்.

வலப்பக்கத் தடி இரண்டு துண்டு. பின்முனைப் பல்லிலிருந்து ஒரு சாண் முன்னால் முறிந்திருந்தது. முறிந்த முகத்தைத் துடைத்துப் பார்த்தேன். ஓரத்தில் பிறைபோலக் கறுப்பு. அது பழைய வெடிப்பு. உப்புத்தண்ணி உள்ளே போய்க் கறுத்தது. மிச்சம் முழுவதும் வெள்ளிபோல மினுங்கியது, அன்றைக்கு முறிந்தது. அந்தக் கறுத்த பிறை எங்கே தொடங்குகிறது என்று பார்த்தேன். அங்கே ஒரு புள்ளி. பக்கத்தில் இன்னொரு புள்ளி. சென்ரர் பஞ்ச் வைத்துச் சுத்தியலால் அடித்த புள்ளிகள். இடப்பக்கத் தடியையும் கழற்றினேன். அதில் ஒரு புள்ளி. இடத்துக்கு ஒன்று, வலத்துக்கு இரண்டு. மாறாமல் இருக்க அடையாளம்!

விளங்குகிறதா? இடம் வலம் மாறக்கூடாது என்ற சட்டத்தைத் தெரியாதவன் இதைச் செய்யமாட்டான். தெரியாதவன் இடம் வலம் பார்க்காமல் பூட்டியிருப்பான், அடையாளமே வைத்திருக்கமாட்டான். கபூர் பாஸின் கராஜில் நின்றவன்தான் இதைச் செய்திருக்கமுடியும். சட்டத்தில் பாதியை எடுத்துக்கொண்டு துணி கட்டப் பஞ்சிப்பட்ட சோம்பேறி. தடியின் முனையில், முறுகாத இடத்தில் குத்தியிருந்தால்கூட ஒன்றும் ஆகியிருக்காது. குத்தியது முறுகுகிற உடம்பில். இறப்பர்க் கட்டைகளைத் தேடினேன். இரும்பறுக்கும் வாளால் அறுத்து வில்லையாக்கியிருந்தார்கள். அதனால்தான் தடி முறிந்தபோது சில்லு நேரே மட்காட்டுக்குள் ஏறிப் பிடித்தது.

முறிந்த துண்டுகளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு றெஜியிடம் போனேன். அவருடைய கந்தோருக்குள் குளிர் மெசின் போட்டிருந்தது. கதவைச் சாத்தச் சொன்னார். மேசையில் தடியை வைத்தேன். அவர் பார்த்தவுடன் தெரிந்துகொண்டார். அவர் கெட்டிக்காரர் என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

"மாறக்கூடாது எண்டுதானே ராசண்ணை அடையாளம் போட்டனான். பாஸ் சொல்லித்தந்ததுதானே."

"பாஸ் துணி கட்டினவர்."

"துணி அவிழ்ந்துபோனா?"

"எத்தினை வருசம் கட்டினவர். எப்ப அவிழ்ந்தது?"

றெஜி குரலைத் தாழ்த்தினார். "சரி, நடந்தது நடந்துபோச்சு. நான் சொல்லுறதைக் கேளுங்கோ. அவவைக் கோட்டில குற்றத்தை ஒத்துக்கொள்ளச் சொல்லுங்கோ. குற்றக்காசை நான் கட்டிறன். காரையும் சும்மா செய்து தாறன். சங்கத்துக்குத் தலைவர் நான். இது வெளிய வந்தா ஆர் எங்களிட்ட கார் கொண்டருவினம்? உங்களுக்கும்தான் கெட்ட பேர்."

"எனக்கென்ன கெட்ட பேர்? நான் குத்தினனானோ?"

"நீங்கள் எப்பவும் இப்பிடித்தான். உங்கட ஆக்களுக்கே கோவம் கூட."

என் ஆட்கள்! இத்தனை வருடத்துக்குப் பிறகு அந்த வெள்ளை வேட்டி முதலாளியின் சொல் அவர் வாயிலிருந்து வந்தது. நான் தடியைச் சாக்கில் சுற்றினேன். கபூர் பாஸ் இருந்தால் வாங்குக்குப் போயிருப்பார். அங்கே வாங்கு இல்லை. நான் நடந்து வீட்டுக்கு வந்தேன்.

அவர் சொன்னதை மறைக்காமல் பிலோமினாவிடம் சொன்னேன். அவள் கொதித்துப்போனாள்.

"ஒத்துக்கொள்ளுறதோ? நான் பிழை விட்டனான் எண்டு என்ர வாயால சொல்லுறதோ? பிறகு ஆர் என்ர காரில ஏறுவினம்? அந்த மனிசன்ர காலை நான் முறிச்சனான் எண்டு சாகுமட்டும் சனம் சொல்லும். றெஜிக்குக் காசு பெரிசில்லை, எனக்கு உந்தச் சொல்லுப் பெரிசு."

"காட்டுங்கோ" என்றாள் பிறகு. பாயில் படுத்தாள். நான் தடியின் துண்டை அது இருந்த இடத்தில் பிடித்துக் காட்டினேன். புள்ளியைப் பெருவிரலால் தடவினாள். கனநேரம் தடவினாள். "இவ்வளவுதானோ?" என்றாள். "இந்தச் சின்னப் புள்ளியோ? நான் ஒவ்வொரு நாளும் படுக்கைக்குப் போகேக்க, எங்க கையைப் பிழையாத் திருப்பினனான் எண்டு யோசிச்சுக்கொண்டு கிடக்கிறன் அண்ணை." எழும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டு என் வாசல் வாங்கில் போய் இருந்தாள்.

மீன் வியாபாரியையும் போய்ப் பார்த்தேன். காலில் இரும்பு வைத்திருக்கிறார்கள். "அந்தப் பிள்ளையில எனக்குக் கோவம் இல்ல, அவ பிறேக்கில எழும்பி நிண்டத நான் கண்ட" என்றார். "ஆனா ஆரிலயாவது கோவிக்கத்தானே வேணும்? ஆரெண்டு சொல்லுங்க." நான் பெயர் சொல்லவில்லை. செய்தவரே வந்து சொல்லட்டும் என்று பொறுத்தேன். இந்த மலர் வரும்வரை பொறுத்தது போதும்.

சங்கத்துப் பொடியன்மாரே, காரை இறக்கவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அழகு பார்க்க ஆசைப்படுவது குற்றமில்லை. பிலோமினாவும் ஆசைப்பட்டாள். அவளுக்கு அந்தச் சந்தோசம் கிடைத்ததில் எனக்கு இன்றைக்கும் குறையில்லை. துணி கட்டி, நகம் வைத்துப் பார்த்து, எண்ணெய் பூசி, இறப்பரைத் தொடாமல் விட்டிருந்தால் அந்தக் கார் இன்னும் கலியாணத்துக்கு ஓடிக்கொண்டிருக்கும். வேலையில் எவருக்கும் கை பிசகும். பிசகியதை அறிந்தபிறகு அதை ஒரு பெண்ணின் தலையில் கட்டிவிட்டுக் குளிர் மெசினுக்குக் கீழே இருக்கிறவர் எங்களுக்குத் தலைவராக இருக்கக்கூடாது. நான் தடியோடு நீதிமன்றத்துக்குப் போகப்போகிறேன். கேட்டால் எல்லாம் சொல்வேன். ஆனால் குத்தியவர் தானே வந்து சொல்வதற்கும் நான் சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அவள் கையில் பிழையில்லை என்று அவளுக்கு நேரே சொல்லவேண்டியவர் நானில்லை.

றெஜி, இதை அச்சுக்குக் கொடுக்கமுன் நீர் வாசிப்பீர் என்று எனக்குத் தெரியும். கார் என் முற்றத்தில் நிற்கிறது. பாய் விரித்திருக்கிறேன். வழக்கின் அடுத்த தவணைக்கு முன் வாரும். சேட் ஊத்தையாகும், பரவாயில்லை. படுத்து, நீர் குத்திய இடத்தைப் பாரும். பிறகு எழும்பி என்னிடம் ஒன்றும் சொல்லவேண்டாம். பிலோமினா வாங்கில் இருப்பாள்.